நாற்பதுக்குப் பத்தொன்பது

பத்து நாள் மழையில் கல்லறைத் தோட்டத்தின் மேற்குச் சுவர் இடிந்தபோது, எட்மண்டின் தாத்தா ஏனோக் எண்பத்து நான்கு வருடம் கழித்து வெளியே வந்தார். வந்தவர் தனியாக வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் புதைந்திருந்த அப்பாதுரையும் அதே சரிவில் கூடவே வந்தார். எட்மண்டுக்கு முதல் மனக்குறை அதுதான்.

ஏனோக் யார் என்று ஸ்கெலட்டன் என்ற அந்தச் சுரங்கக் குடியிருப்பில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் எட்மண்ட் சொல்வார். சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரி. இருபத்திரண்டு வருடம் சபை மூப்பர். ஒரு ஷிஃப்டுக்குக்கூடத் தாமதமாகப் போகாதவர். அப்பாதுரை அதே கூட்டத்தில் மரம் தூக்கியவர். பௌத்தர் என்பதால் சுவருக்கு வெளியே அடக்கம். லேட்டாக வந்ததற்காக ஏனோக் அவரை மூன்று தடவை ஷாஃப்ட் வாசலிலிருந்தே வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார். மூன்று தேதிகளும் எட்மண்டுக்கு மனப்பாடம். எட்மண்டும் சுரங்கம் மூடும் நாள் வரை முப்பத்தோரு வருடம், ஷிஃப்டுக்கு வருபவர்களிடம் டோக்கன் வாங்கி நேரம் குறிக்கும் டைம் ஆபீஸில் உட்கார்ந்தவர். எழுபத்தேழு வயதிலும் நாற்காலியில் முதுகு சாய்க்காதவர்.

அதிசயம் என்னவென்றால், இரண்டு பேருமே மண்ணாகிப் போயிருக்கவில்லை. தங்கம் பிரித்த கழிவு மணல் குவிந்த சயனைட் மேட்டிலிருந்து காற்று வாரிக் கொண்டுவந்து கொட்டிய மாவு மணல் அவர்களை அப்படியே பிடித்து வைத்திருந்தது. செய்தி பக்கத்து ஊர் பேத்தமங்களா வரை போயிற்று. பார்க்க வந்தவர்களில் யாரோ ஒருவர், கெடாத உடம்பு நல்ல மனிதனின் உடம்பு என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படி வேதத்தில் எங்கும் இல்லை என்று பாஸ்டர் கிளமெண்ட் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் விளக்கினார். முதல் வரிசையிலிருந்த எட்மண்ட் அதை மறுக்கவும் இல்லை, மனதில் ஏற்றிக்கொள்ளவும் இல்லை.

திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து சங்கமித்ரா வந்தாள். பதப்பட்ட பழைய உடல்களில் எது மிஞ்சியிருக்கிறது, எது அழிந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. தாலுகா ஆபீஸிலிருந்து கேட்டுக்கொண்டதால் வந்திருந்தாள். அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தான். அவள் அப்பா பதினைந்து வருடம், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் ஓட்டியவர். இரண்டு உடல்களையும் சர்ச்சுக்குப் பின்னாலிருந்த சண்டே ஸ்கூல் அறையில், இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். ஏனோக் அவருடைய தேக்குப் பெட்டியிலேயே இருந்தார். அப்பாதுரை ஒரு துணியில் இருந்தார்.

சங்கமித்ரா கையுறை மாட்டி, நெற்றியில் விளக்குக் கட்டி, பூதக்கண்ணாடியோடு காலை முழுவதும் வேலை செய்தாள். தோல், முடி, நகம், பல், கை விரல், கால் விரல், காது மூக்கு, தசை, மூட்டு, உள்ளுறுப்பு என்று பத்து இனம். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை. தாளில் எழுதும் முன் கரும்பலகையில் போட்டுக் கூட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். அந்த வழக்கம்தான் வினையாயிற்று.

மத்தியானம் உறவினர்களை உள்ளே விட்டபோது கரும்பலகையில் இப்படி இருந்தது: அப்பாதுரை 33. ஏனோக் 19.

எட்மண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் பக்கத்தில் அப்பாதுரையின் பேத்தி பழனியம்மா நின்றிருந்தாள்; எழுபது வயது, வாயில் வெற்றிலை.

"எங்க தாத்தா ஃபர்ஸ்ட் கிளாஸ்ங்களா?" என்றாள் பழனியம்மா.

"இது பரீட்சை இல்ல பெரியம்மா," என்றாள் சங்கமித்ரா. "உடம்பு எவ்ளோ மிஞ்சியிருக்குது, எவ்ளோ போயிடுச்சின்னு ஒரு அளவு. அவ்ளோதான்."

"நாப்பதுக்கு எவ்ளோ எடுத்தா பாஸு?" என்றார் எட்மண்ட்.

"பாஸு ஃபெயிலு எல்லாம் கெடையாதுங்க அங்கிள்."

"அப்போ நம்பர் எதுக்கு?"

சங்கமித்ரா சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"அந்த ஆளு குடிகாரன்," என்றார் எட்மண்ட், துணியில் இருந்தவரைக் கையால் காட்டாமல் தாடையால் காட்டி. "நாள் தவறாம சாராயம். சரக்குல ஊறின உடம்பு கெடாது. ஊறுகா மாதிரி. இதுக்கு முப்பத்திமூணு குடுத்தா, வேதம் வாசிச்ச உடம்புக்கு இன்னா மரியாதை?"

"அண்ணா, குடிச்சா கெடாதுன்னா இந்த ஊர்ல பாதிப் பேரு எழுந்து நடந்துகிட்டு இருப்பாங்க," என்றாள் பழனியம்மா. "எங்க வூட்டுக்காரரு குடிச்சே பத்து வருஷத்துல செத்துப் பூட்டாரு. எடுத்துப் பாக்கலாமா?"

சங்கமித்ரா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். அப்பாதுரை ஒல்லி, சதையில் கொழுப்பே கிடையாது, பெட்டி இல்லாமல் நேராக மணலில் வைத்தார்கள், ஒரே மாதத்தில் மணல் ஈரத்தையெல்லாம் இழுத்துவிட்டது என்றாள். ஏனோக்கின் விஷயம் வேறு. அவருடைய பெட்டியின் விளிம்பைத் தொட்டுக் காட்டினாள். மூடி சேரும் இடம் முழுவதும் பம்ப் ஹவுஸ் ரப்பர். அதன் மேல் தார். சுரங்கத்து ஆசாரிகள் ஷாஃப்டில் ஊறும் தண்ணீரை அடைப்பதுபோல அடைத்திருந்தார்கள். வாழ்நாளெல்லாம் தண்ணீருக்குப் பயந்தவர்கள், மேஸ்திரிக்கு ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தது.

"வெளித் தண்ணி உள்ள வரல அங்கிள், நெஜம்தான். ஆனா உள்ள இருந்த தண்ணி வெளிய போறதுக்கு வழியே இல்ல. ஒரு மனுஷன் ஒடம்புல முக்காவாசி தண்ணி. அதுலயே ஊறிட்டாரு. ரொம்ப வருஷம் கழிச்சி ரப்பர் வெடிச்ச பெறகுதான் மணல் உள்ள போயிருக்குது. அதனால மிஞ்சுனதுதான் இந்தப் பத்தொம்பது. வயித்துப் பக்கம் கொழுப்பெல்லாம் சோப்பு மாதிரி ஆயிடுச்சி."

அந்தத் தேக்குப் பெட்டி எட்மண்டின் குடும்பத்தில் நான்கு தலைமுறையாகச் சொல்லப்படும் பெட்டி. எட்டுப் பேர் தூக்க முடியாமல் பன்னிரண்டு பேர் தூக்கியது. வேறு எந்த மேஸ்திரிக்கும் கிடைக்காதது. அதன் மேல் குற்றம் சொல்லப்பட்டதை எட்மண்ட் தன் மேல் சொல்லப்பட்டதாகவே எடுத்துக்கொண்டார்.

சங்கமித்ரா இரண்டு தாள்களை நீட்டினாள். 'மேற்கண்ட நிலையில் உடலைப் பெற்றுக்கொள்கிறேன்' என்று உறவினர் கையெழுத்துப் போட்டால் மறுபடி அடக்கம் செய்யலாம். பழனியம்மா நின்ற நிலையிலேயே போட்டாள். எட்மண்ட் போடவில்லை.

"மேற்கண்ட நிலைய நான் ஒத்துக்கல," என்றார். "ரீவேல்யுவேஷன் வேணும்."

செவ்வாய் காலை அப்பாதுரையைத் துணியோடு பழைய இடத்திலேயே மணலில் வைத்தார்கள். முப்பத்து மூன்று முப்பத்து மூன்றாகவே மூடப்பட்டது. அதே நேரத்தில் எட்மண்ட் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கோடு போட்ட தாளில் எழுதிய ஆட்சேபணை மனுவோடு சண்டே ஸ்கூலுக்குப் போனார். மனுவில் நான்கு இனம். முதலாவது: கை விரல்கள் பகுதியில் இரண்டு மதிப்பெண் கொடுக்கப்பட்டுள்ளது, இடது கைச் சுண்டுவிரல் இல்லாததைக் காரணம் காட்டுவது தவறு, அந்த விரல் சுரங்கத்தின் நாற்பத்தெட்டாம் லெவலில் 1929-இல் போய்விட்டது, அது அழுகலில் சேராது, டூட்டியில் சேரும்.

சங்கமித்ரா பூதக்கண்ணாடியில் அந்த இடத்தைப் பார்த்தாள். எலும்பின் முனை மழுங்கி ஆறியிருந்தது. நேர்மையான பெண். "நீங்க சொன்னது கரெக்டுங்க அங்கிள். இது உயிரோட இருக்கும்போதே போன விரல்தான்," என்று இரண்டை மூன்றாக்கினாள்.

இருபது.

எட்மண்ட் மூக்கு வழியாக மெதுவாக மூச்சு விட்டார். அடுத்த இனத்துக்கு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டபோது, அவள் உடம்பின் இடது விலாவில் விளக்கைக் காட்டினாள். சாம்பல் நிறத்தில், இரண்டு விரல் அகலத்துக்குப் பூசணம் படர்ந்திருந்தது.

"இது நேத்து இல்ல. மழைக் காத்து பட்டுடுச்சி. தோல்ல ஒண்ணு, தசையில ஒண்ணு கொறைக்கணும்."

பதினெட்டு.

"நேத்து பரீட்சை எழுதினவருக்கு இன்னைக்கு எப்படி மார்க்கக் கொறைப்பே?"

"இன்னைக்கு நீங்க மறுபடி பாக்கச் சொன்னீங்க. இன்னைக்கு இருக்கறதைத்தான பாக்க முடியும்? கையெழுத்துப் போடுங்க அங்கிள். வெளிய இருக்க இருக்க இவருக்குத்தான் நஷ்டம்."

எட்மண்ட் போடவில்லை. பதினெட்டுக்குக் கையெழுத்துப் போட்டால் அது பத்தொன்பதைவிடக் கேவலம். மீதி மூன்று இனங்களையும் புதன்கிழமைக்கு வைத்துக்கொண்டார்.

அவருடைய மருமகள் லவினா தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். செவ்வாய் சாயங்காலம் வீடு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் மாமனார் முன் நின்றாள்.

"மாமா, ட்ரெயின்ல எல்லாரும் கேக்கறாங்க. உங்க தாத்தாவுக்கு எவ்ளோன்னு. பங்காரப்பேட்டையில ஏறினவங்க வரைக்கும் தெரிஞ்சிருக்குது."

"நீ இன்னா சொன்னே?"

"ரிசல்ட் ஹோல்டுல இருக்குதுன்னு சொன்னேன். ஒருத்தரு சப்ளிமெண்டரி எழுதுவாரான்னு கேட்டாரு."

"யாரு அது?"

"பேரு எல்லாம் வேணாம் மாமா. கையெழுத்துப் போட்டு அவர நிம்மதியாப் படுக்க வைங்க. எங்க ஆபீஸ்ல செத்துப் போனவங்கள யாரும் வேலைக்கு வரச் சொல்றதில்ல."

 ஏனோக்குக்கு மேலே அப்பாதுரையின் பேர் ஒரு லிஸ்டிலும் எழுதப்பட்டதில்லை என்பதை இரவல் ரத்தமான மருமகளிடம் எப்படி விளக்குவது? ஏனோக் மேல், அப்பாதுரை கீழ். ஷிஃப்ட் லிஸ்டில் அப்படித்தான் இருந்தது. அந்த லிஸ்டை வைத்துத்தான் எட்மண்டின் அப்பா மூப்பரானார், எட்மண்டுக்கு டைம் ஆபீஸ் கிடைத்தது, ஸ்கெலட்டனில் அவர் நடந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்தார்கள். அது ஒரு கரும்பலகையில் தலைகீழாகிக் கிடந்தது.

புதன்கிழமை இரண்டாவது இனம் பெட்டி. தப்பு பெட்டியுடையது, மனிதருடையது அல்ல. ஆகவே பெட்டியால் போன மதிப்பெண்களைக் கருணை அடிப்படையில் திருப்பித் தர வேண்டும். சங்கமித்ரா கருணைக்குத் தாளில் இடம் இல்லை என்றாள். மூன்றாவது இனம் ஆட்சேபணை அல்ல, கேள்வி: மதிப்பிடுபவரும் அப்பாதுரையும் ஒரே மதமாக இருப்பது முறையா?

சங்கமித்ரா கையுறையைக் கழற்றினாள். முதல் தடவையாக அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"அங்கிள், எங்க அப்பா கேஜ் ஓட்டினாரு. இந்த ஊரு ஆளுங்கள ஆயிரம் தடவ எறக்கி ஏத்தியிருப்பாரு. யாரு எந்த மதம்னு பாத்தா வின்ச்சைத் திருப்பினாரு?"

எட்மண்ட் அந்த இனத்தைப் பேனாவால் அடித்தார். தவறு என்று தெரிந்தால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடுவது டைம் ஆபீஸ் முறை. போட்டார். அன்றைக்குக் கணக்கு பதினாறு. மூக்கின் நுனி போயிருந்தது.

பழனியம்மா தினமும் வந்தாள். அவள் வேலை முடிந்துவிட்டதுதான், ஆனாலும் வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு எவ்ளோங்க?" என்று கேட்டாள். நோயாளியை விசாரிக்கும் குரல்தான். குத்தலைக் கண்டுபிடிக்க முடியாது. அதனாலேயே அது அதிகமாகக் குத்தியது.

நான்காவது இனத்தை எட்மண்ட் வியாழக்கிழமைக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அது தோற்கவே முடியாதது. முடி என்ற இனத்தில் ஏனோக்குக்கு நாலுக்கு நாலு. காரணம் மீசை. இரண்டு பக்கமும் காது வரை ஏறி, முறுக்கு அவிழாமல், ஒரு மயிர் உதிராமல் அப்படியே இருந்தது. அப்பாதுரைக்கு அந்த இனத்தில் மூன்றுதான். பத்து இனத்தில் ஒரே ஒரு இனத்தில் ஏனோக் முதலில் நின்றார். அதைத் தனியாக எடுத்து, தாளின் தலைப்பில், பெரிய எழுத்தில் குறிக்க வேண்டும் என்பது மனு.

சங்கமித்ரா மனுவைப் படித்து மடித்து வைத்தாள். பிறகு விளக்கைத் தாழ்த்தினாள். மீசையின் வலது முனையில் பனி பெய்ததுபோல வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. அவள் ஒரு பஞ்சால் மெல்லத் தொட்டாள். தொட்ட இடத்தில் முறுக்கு கழன்று பஞ்சோடு வந்தது.

"எவ்ளோ?" என்றார் எட்மண்ட்.

"மூணு."

அவர் சுவரோரம் இருந்த பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டார். சண்டே ஸ்கூல் பிள்ளைகள் உட்காரும் உயரமில்லாத பெஞ்ச். அவர் அதில் உட்கார்ந்தபோது முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. முதுகு மட்டும் நேராக இருந்தது. அவர் தாத்தாவின் முகத்தை இந்த நான்கு நாளில் முதல் தடவையாக மதிப்பெண் இல்லாமல் பார்த்தார். பார்த்தே அறியாத மனிதர். அவர் இறந்து ஏழு வருடம் கழித்துத்தான் எட்மண்ட் பிறந்தார். பாதி மூக்கோடு, ஒரு பக்க மீசையோடு, அவர் யாரிடமோ எதையோ கேட்க வந்து காத்திருப்பவர்போல இருந்தார். நான்கு நாளாக அவரைக் காக்க வைத்திருப்பது யார் என்பதும் எட்மண்டுக்குத் தெரிந்தது.

"நாளைக்கு எவ்ளோ ஆகும்?"

"பன்னெண்டு. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒண்ணும் இருக்காது அங்கிள்."

"எதுல வெச்சா நிக்கும்?"

"காஞ்ச மணல்ல. பெட்டி இல்லாம."

"மறுபடி ஏறுமா?"

"போனது வராது."

"ஏற வேணாம்," என்றார் எட்மண்ட். "இருக்கறது கொறையாம இருந்தா போதும்."

ஆனால் சிக்கல் இன்னொன்று இருந்தது. சுவருக்கு உள்ளே தோட்டம் பள்ளம். இந்த மழையில் தோண்டினால் முழங்காலளவு தண்ணீர். காய்ந்த மணல் வெளியே, மேட்டுச் சரிவில், அப்பாதுரை படுத்திருக்கும் இடத்தில் மட்டும்தான் இருந்தது. சங்கமித்ரா இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பெட்டி இல்லாமல், சுவருக்கு வெளியே. யாரும் இல்லாதவர்களுக்குக்கூட சபை ஒரு பலகைப் பெட்டி கொடுக்கும்.

எட்மண்ட் எழுந்து வாசற்படிக்குப் போனார். பழனியம்மா வெற்றிலையை மென்றுகொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தாம்மா. உங்க தாத்தா பக்கத்துல ஒரு ஆறடி எடம் வேணும்."

"யாருக்குங்க?"

"யாருக்குன்னு உனக்குத் தெரியும்."

"தெரிஞ்சாலும் நீங்க சொல்லணுமில்ல?"

"ஏனோக் மேஸ்திரிக்கு."

 பழனியம்மா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள்.

"எங்க தாத்தா பத்து நிமிஷம் லேட்டா போனதுக்கு மூணு ஷிஃப்ட் வாசல்லயே திருப்பி அனுப்பினாரு உங்க தாத்தா. இவரு எண்பத்தி நாலு வருஷம் லேட்டு." அவள் சேலை முனையால் வாயைத் துடைத்தாள். "பரவால்ல. உள்ள வரச் சொல்லுங்க. நாங்க டோக்கன் கேக்க மாட்டோம்."

எட்மண்டின் காதுகள் சிவந்தன. அவர் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று இருந்தது. அவர் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிப் பழகாத வார்த்தை. அவர் அதற்குப் பதிலாகத் தலையை ஒரு அங்குலம் தாழ்த்தினார். பழனியம்மா அதை வார்த்தையாகவே எடுத்துக்கொண்டாள்.

உள்ளே வந்து தாளை வாங்கினார். 'ஏனோக், 15/40' என்று இருந்தது. அதன் கீழே ஒப்பீட்டு வரிசை: இருவரில் இரண்டாவது. உறவினர் ஆட்சேபணை என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி, நேரத்தையும் குறித்துக் கையெழுத்திட்டார்.

வெள்ளிக்கிழமை முற்பகலில் பாஸ்டர் கிளமெண்ட் ஜெபம் செய்ய, வெள்ளை வேட்டியில் சுற்றி ஏனோக்கை மணலில் இறக்கினார்கள். பன்னிரண்டு பேர் தேவைப்படவில்லை. நான்கு பேர் போதுமாக இருந்தது. மணல் சலசலவென்று உள்ளே ஓடியது, தானாகவே. எட்மண்ட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றார். பிறகு சங்கமித்ராவைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய், காதோடு காதாக நெடுநேரம் ஏதோ விசாரித்தார். அவள் முதலில் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது லவினா மட்டன் குழம்பை ஊற்றினாள். எட்மண்ட் தட்டிலிருந்த துண்டுகளை விரலால் புரட்டி, கொழுப்பு ஒட்டியிருந்த இரண்டை எடுத்து ஓரமாக வைத்தார். சோற்றையும் பாதி ஒதுக்கினார். நெய்க் கிண்ணத்தைத் தள்ளினார்.

"இன்னா மாமா, ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. கொழுப்பு ஆகாது. கொழுப்புதான் ஈரத்தைப் பிடிச்சி வெக்குது. தண்ணியும் அளவாத்தான் குடிக்கணும்."

"யாரு சொன்னாங்க?"

"விசாரிச்சேன். எனக்குப் பெட்டி வேணாம், லவினா. எழுதி வெச்சிட்டேன். அதே சரிவு, அதே மணல், அவர் பக்கத்துல. பழனியம்மாகிட்ட எடம் சொல்லியாச்சி."

லவினா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நம்ம வூட்லயிருந்து ஒருத்தராவது முப்பத்திமூணைத் தாண்டணும்," என்றார் எட்மண்ட். "எனக்கு விரலு பத்தும் இருக்குது. பல்லு இருபத்தாறு. காது ரெண்டும் முழுசு. ஒழுங்கா இருந்தா முப்பத்தாறுகூட வரலாம்னு அந்தப் பொண்ணே சொல்லிடுச்சி."

"பழனியம்மா இன்னா சொன்னாங்க?"

எட்மண்டின் முகம் கொஞ்சம் இறுகியது. "அவளும் ராத்திரி சாப்பாட்ட விட்டுட்டாளாம்."

லவினா அவர் தட்டின் ஓரத்திலிருந்த இரண்டு கொழுப்புத் துண்டுகளையும் பார்த்தாள். நல்ல துண்டுகள். எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, அதன் மேல் நெய்யும் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டாள்.